எமது பாடசாலையின் புரொம் இரவும் 21 என்ற எண்ணும்: பெற்றோர் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

பாடசாலைக் கழகத்தின் பெற்றோர் உறுப்பினர்களுக்கும், பாடசாலை அதிபருக்கும், எமது தொகுதியின் கல்விச்சபை அறங்காவலருக்கும்,

வரும் ஜூன் மாதம் நடைபெறவிருக்கும் 12ஆம் வகுப்பை முடிக்கும் மாணவர்களுக்கான விருந்தும் நடனமுமான புரொம் இரவில் 21 வயதைக் கடந்த எவரும் கலந்துகொள்ள முடியாது என்றும், அந்த வயதைக் கடந்த மாணவர்கள் வாங்கிய ரிக்கெற்றுகளுக்கான பணம் திருப்பித் தரப்படும் என்றும் சென்ற வாரம் எமக்கு மின்னஞ்சல் வந்தது. நான் இப்பாடசாலையின் வளர்ந்தோர் பகல்நேரப் பிரிவில் படிக்கும் மாணவி. இந்த ஜூனில் கனடாவின் ஒன்ராறியோ மாகாண உயர்நிலைப் பாடசாலைச் சான்றிதழைப் பெறவிருக்கிறேன். ரிக்கெற் விற்பனை தொடங்கிய முதல் நாளே வரிசையில் நின்று வாங்கினேன். பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள நான் உடன்படவில்லை. இந்த முடிவையும் ஏற்கவில்லை.

இதே முறைப்பாட்டை ஆங்கிலத்தில் எழுதி அதிபரின் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டேன். அதையே தமிழிலும் எழுத எனக்கொரு காரணம் உண்டு. வயதெல்லை விதிக்கும்படி பாடசாலைக் கழகத்தில் கோரிக்கை வைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெற்றோர். கூட்டத்தின் குறிப்பேட்டில் 'மாணவர் பாதுகாப்பு' என்ற இரண்டு சொற்களே பதிவாகியுள்ளன. கூட்டம் முடிந்தபின் வாகனத் தரிப்பிடத்தில் நின்று தமிழில் பேசப்பட்டவை எவையும் அதில் இல்லை. அவற்றையும் நான் கேட்டேன். ஆகவே, குறிப்பேட்டில் உள்ள காரணத்துக்கும் அதில் இடம்பெறாத காரணங்களுக்கும் சேர்த்தே இந்த மடலில் பதில் எழுதுகிறேன்.

முதலில், இந்த விதி எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். புரொம் இரவுக்கு மாணவர் ஒருவர் வெளியாள் ஒருவரைத் துணையாக அழைத்து வரலாம். அப்படி வருபவர் 21 வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும். அவருடைய விவரங்கள் முன்கூட்டியே படிவத்தில் நிரப்பப்பட்டு அதிபரின் ஒப்புதலைப் பெற வேண்டும். இது புதிய விதி அல்ல. இங்கும் அமெரிக்காவிலும் பல பாடசாலைகளில் இதுபோன்ற விதி உண்டு. பதினேழு வயதுப் பிள்ளை ஒன்று, பாடசாலைக்கு எவ்விதத் தொடர்பும் இல்லாத முப்பது வயது ஆணின் கையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் வருவதைத் தடுக்க வேண்டிய கடமை பாடசாலைக்கு உண்டு. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அவளுடைய புரொமுக்கும் இந்த விதி இருந்தது. அன்று நான் அதை வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். நீங்கள் செய்திருப்பது வேறு. வெளியிலிருந்து வரும் விருந்தாளிக்காக எழுதப்பட்ட விதியை எடுத்து, இதே பாடசாலையில் பதிவுசெய்து, இதே ஆசிரியர்களிடம் படித்து, இதே சான்றிதழைப் பெறப்போகும் மாணவரின் மீது வைத்திருக்கிறீர்கள். என் பெயர் விருந்தாளிகள் படிவத்தில் இல்லை; ஆசிரியர் காலையில் வாசிக்கும் வரவுப் பட்டியலில் இருக்கிறது.

வளர்ந்தோர் பிரிவு எப்படி இயங்குகிறது என்பது உங்களில் பலருக்குத் தெரியாதிருக்கலாம். சான்றிதழுக்கு 30 கிரெடிற்றுகள் வேண்டும். ஒரு கிரெடிற் என்பது 110 மணி நேரப் படிப்பு. என்னைப் போன்றவர்கள் வேறு நாட்டில் கற்றதையும் வாழ்க்கையில் கற்றதையும் மதிப்பிட்டு 9ஆம், 10ஆம் வகுப்புகளுக்கு ஈடாக 16 கிரெடிற்றுகள் வரை வழங்க ஒன்ராறியோவில் ஏற்பாடு இருக்கிறது. மேல்வகுப்புகளுக்கும் ஓரளவு அப்படி வழங்கலாம். ஆனால் 11ஆம், 12ஆம் வகுப்புப் பாடங்களில் குறைந்தது நான்கையாவது பாடமாகப் பதிவுசெய்து படித்தே தீர வேண்டும். நான் தாதியர் கல்விக்கு விண்ணப்பிக்க விரும்புவதால் ஆங்கிலம், கணிதம், உயிரியல், இரசாயனவியல் ஆகிய நான்கும் எனக்குக் கட்டாயமாகின. இவற்றில் இரசாயனவியலை வளர்ந்தோர் பிரிவில் தனியாக நடத்தப் போதிய மாணவர் இல்லாததால், உங்கள் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் எங்களையும் சேர்த்தார்கள்.

அந்த வகுப்பில் என் ஆய்வுகூடத் துணைவர் பதினேழு வயது மாணவி. அமிலத்தையும் எரியும் சுடரையும் வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் ஒரே மேசையில் வேலை செய்கிறோம். அவள் எனக்கு மோல் கணக்குச் சொல்லித் தருகிறாள். அவள் அளக்க மறந்ததை நான் நினைவூட்டுகிறேன். மதிய உணவு ஒரே உணவுக்கூடத்தில். நூலகம், நடைபாதை, தீயணைப்புப் பயிற்சியின்போது கொட்டும் பனியில் வெளியே நிற்பது எல்லாம் ஒன்றாகவே நடக்கின்றன. ஆண்டுத் தொடக்கத்தில் மாணவர் செயற்பாட்டுக் கட்டணத்தை எங்களிடமும் வாங்கினார்கள்; ஆண்டு மலருக்கு எங்களையும் படம் பிடித்தார்கள். செப்டெம்பரிலிருந்து இன்றுவரை எங்கள் வயதைப் பற்றி எந்தப் பெற்றோரும் முறையிட்டதாக நான் அறியவில்லை. பகலில் ஆய்வுகூடத்தில் ஆபத்தாகத் தெரியாத நான், ஆசிரியர்கள் நிறைந்த, வாசலில் காவலர் நிற்கும் ஒரு விருந்து மண்டபத்தில் இரவு ஏழு மணிக்கு எப்படி ஆபத்தானேன் என்று எவராவது எனக்கு எழுத்தில் விளக்க வேண்டும்.

21 என்ற எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது ஏதோ குணநலத்தின் எல்லைக்கோடு என்பதுபோல் கூட்டத்தில் பேசப்பட்டது. ஒன்ராறியோவில் பிள்ளை ஒன்று பதினெட்டு வயதுவரை பாடசாலையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். 21 வயதை எட்டும் ஆண்டின் ஜூன் மாதக் கடைசிப் பாடசாலை நாள்வரை படிக்கும் உரிமையும் அதற்கு உண்டு. அதற்கு மேற்பட்ட மாணவருக்கு மாகாண அரசு வேறொரு கணக்கில், குறைந்த வீதத்தில் நிதி ஒதுக்குகிறது. அந்த 21 நிதி ஒதுக்கீட்டுக்காகக் கணக்காளர்கள் வரைந்த கோடு. அந்தக் கோட்டால் எங்கள் பிரிவுக்கு ஏற்கெனவே போதிய இழப்பு. ஆசிரியர் குறைவு, பாடத் தெரிவுகளும் குறைவு. இப்போது அதே கோட்டை நடன மண்டபத்தின் வாசலிலும் கீறுகிறீர்கள்.

அந்தக் கோடு யார்மீது விழுகிறது என்பதை உங்களில் யாராவது பெயர்ப் பட்டியலை எடுத்துப் பார்த்தீர்களா? என்னைப் போன்ற நடுவயதுக்காரர் சிலர்தான் உங்கள் மனத்தில் இருந்தோம் என்று நினைக்கிறேன். எங்கள் பிரிவில் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த மாணவி ஒருவர் இருக்கிறார். 2021இல் தலிபான் ஆட்சியைக் கைப்பற்றி, ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகளின் படிப்பை நிறுத்தியபோது அவர் பதினோராம் வகுப்பில் இருந்தார். வீட்டுக்குள் முடங்கியிருந்த காலம், பிறகு அயல் நாட்டில் விசாவுக்காகக் காத்திருந்த காலம் எல்லாம் கழிந்து இங்கே வந்து சேர்ந்தபோது அவருடைய வயது இந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. இப்போது 22. உங்கள் பிள்ளைகளுக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் நான்கு அல்லது ஐந்து ஆண்டுகள். அந்த ஆண்டுகளை அவர் சோம்பலால் இழக்கவில்லை. பெண் என்பதால் அங்கே பாடசாலைக் கதவை அடைத்தார்கள். அடைக்கப்பட்டிருந்த காலத்தில் வயது கூடிவிட்டது என்பதற்காக இங்கே மண்டபக் கதவை அடைக்கிறோம். அந்த மின்னஞ்சல் வந்த பிறகு அவர் என்னிடம் எதுவும் முறையிடவில்லை. தைக்கக் கொடுத்த உடையைத் திருப்பி வாங்கலாமா என்று மட்டும் கேட்டார்.

என்னைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்ப் பெற்றோரான உங்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையிராது. 1995 டிசம்பரில் நான் சாதாரண தரப் பரீட்சை எழுதியிருக்க வேண்டும். அதற்கு முன், ஒக்ரோபர் 30ஆம் திகதி, போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே இரவில் எழுந்து நடந்தது. மழையில் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்குப் போன அந்தக் கூட்டத்தில் உங்களில் சிலரும் நடந்திருப்பீர்கள்; அல்லது உங்கள் பெற்றோர் நடந்திருப்பார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்த பாடசாலையில் வகுப்புகள் நடக்கவில்லை. வகுப்பறைகளில் குடும்பங்கள் இருந்தன. வாங்குகளை நிறுத்திவைத்து மறைப்புக் கட்டியிருந்தார்கள். அடுத்த ஆண்டு கிளாலி வழியாகப் படகில் வன்னிக்குப் போனோம். அதற்குப் பிறகு சீருடை அணிந்து நான் எந்தப் பாடசாலைக்கும் போகவில்லை. திருமணமாகிக் கனடா வந்தேன். தொழிற்சாலையில் இரவு வேலை, அதிகாலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலை, பிள்ளைகள் என்று ஆண்டுகள் போயின. இரக்கம் கேட்டு இவற்றை எழுதவில்லை. இரக்கத்தால் எனக்கு இரசாயனவியலில் எவரும் புள்ளி போடவில்லை. 'உரிய வயதில் படித்து முடித்திருந்தால் உரிய வயதில் ஆடியிருக்கலாமே' என்று வாகனத் தரிப்பிடத்தில் ஒருவர் சொன்னார். அவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் என்பது அவருடைய பேச்சிலேயே தெரிந்தது. உரிய வயதில் நாங்கள் எங்கே இருந்தோம் என்பது அவருக்குத் தெரியாதா?

இனிப் பாதுகாப்பைப் பற்றி. இது வெறும் சாக்கு என்று நான் சொல்ல மாட்டேன். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் கூடும் இடத்தில் பெரியவர்களை விழிப்புடன் பார்க்க வேண்டும் என்பது நியாயமான கவலை. அந்தக் கவலைக்கு வயதெல்லை எவ்வகையில் பயன்படுகிறது என்பதே என் கேள்வி. கூட்டத்தில் முன்வைக்கப்பட்ட முதல் அச்சம், பெரியவர்கள் மதுவை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்பது. ஒன்ராறியோவில் மது வாங்குவதற்கான வயது 19. உங்கள் விதிப்படி 19, 20 வயது மாணவரும் அதே வயது வெளியாட்களும் தாராளமாக உள்ளே வரலாம். பதினேழு வயதுப் பிள்ளைக்குப் போத்தல் வாங்கிக் கொடுக்கக்கூடியவர் பத்தொன்பது வயது நண்பனா, நாற்பத்தாறு வயதில் இரசாயனவியல் படிக்கும் நானா? பிள்ளைகளை வளர்த்த எவருக்கும் இதன் விடை தெரியும். மதுவைத் தடுக்க வேண்டுமானால் மண்டபத்தின் மதுக்கூடத்தைப் பூட்டுங்கள், பைகளைச் சோதியுங்கள், வெளியே போனவர் மீண்டும் உள்ளே வர முடியாது என்று சொல்லுங்கள். என் பையையும் சோதியுங்கள்.

இரண்டாவது அச்சம் சொல்லவே கூச்சமானது. ஆனாலும் சொல்லப்பட்டது: வயது வந்த ஆண்கள் இளம் பெண்பிள்ளைகளோடு ஆடுவார்கள் என்பது. தகாத நடத்தை எந்த வயதினரிடமிருந்து வந்தாலும் அந்தக் கணமே அவரை வெளியேற்ற ஆசிரியர்களுக்கு அதிகாரம் உண்டு. பாடசாலையின் நடத்தை விதிகள் அந்த இரவுக்கும் பொருந்தும். எங்கள் பிரிவின் ஆண்கள் எல்லோரையும் அவர்கள் செய்யாத ஒன்றுக்காக முன்கூட்டியே தண்டிப்பது பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது. அவர்களில் ஒருவர் இரவு முழுவதும் வாடகை வாகனம் ஓட்டிவிட்டுக் காலை எட்டரைக்கு ஆங்கில வகுப்பில் முதல் வரிசையில் இருப்பவர். அவரைப் பற்றி அப்படிப் பேசப்பட்டதை அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த அச்சங்கள் எவ்வளவு ஆழமானவை என்பதை அதே மின்னஞ்சலின் கடைசிப் பந்தி காட்டிக்கொடுக்கிறது. 'வளர்ந்தோர் பிரிவு மாணவர்கள் விரும்பினால் அன்றைய இரவில் மேற்பார்வைத் தொண்டர்களாகப் பணியாற்ற முன்வரலாம்' என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். மேலங்கிகளை வாங்கி வைக்கலாம், உணவு மேசையைக் கவனிக்கலாம், வாசலில் நின்று ரிக்கெற்றுகளைச் சரிபார்க்கலாம் என்று பணிகளும் குறிக்கப்பட்டுள்ளன. உங்கள் பிள்ளைகளைப் பாதுகாக்க நான் தகுதியானவள். அவர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து சாப்பிடத்தான் தகுதியற்றவள் என்றாகிறது. முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலைப் பயிற்சிக்குப் போவதற்காக என்னுடைய பொலிஸ் பின்னணிச் சான்றைப் பாடசாலை ஏற்கெனவே பெற்றுக் கோப்பில் வைத்திருக்கிறது. உங்களில் எத்தனை பேரிடம் அது இருக்கிறது என்று கேட்க மாட்டேன். ஆனால் தொண்டராக வர அந்தச் சான்று போதுமென்றால் மாணவியாக வர அது ஏன் போதாது?

இன்னொரு மாற்று யோசனையும் கிடைத்தது: வளர்ந்தோர் பிரிவுக்கென நூலகத்தில் தனியாகத் தேநீர் விருந்து, வேலைநாள் ஒன்றில், பிற்பகல் இரண்டு மணிக்கு. அந்த நேரத்தைத் தெரிவுசெய்தவருக்கு எங்களைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். எங்களில் பாதிப்பேர் வகுப்பு முடிந்ததும் மூன்று மணி வேலைக்கு ஓடுபவர்கள். நேரம் வசதியாக இருந்தாலும் எங்களுக்கு அந்த விருந்து வேண்டாம். சான்றிதழ் வழங்கும் மேடையில் எங்களுக்கென்று தனி வரிசை இல்லை; சான்றிதழிலும் எவருடைய வயதும் அச்சிடப்படுவதில்லை. ஒரே சான்றிதழுக்காக ஒரே ஆண்டில் உழைத்தவர்களை, கொண்டாட்டம் என்று வரும்போது மட்டும் வயதால் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மண்டபமும் மறுபகுதியினருக்கு நூலக மூலையும் என்று ஒதுக்குவது எந்தக் கணக்கில் சமமாகும்?

குறிப்பேட்டில் ஏறாத காரணங்களுக்கு வருகிறேன். 'இந்த வயதில் ஆட்டம் தேவையா', 'தாய் வயதில் இருப்பவர் பிள்ளைகளோடு சேர்ந்து ஆடுவது நமது பண்பாடா' என்று கேட்கப்பட்டது. பண்பாட்டை வைத்துப் பேசுவதென்றால் நாம் உண்மையாகப் பேசலாம். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் உள்ள விருந்து மண்டபங்களில் நாம் எல்லோரும் வார இறுதிகளைக் கழிக்கிறோம். திருமண வரவேற்பு, பூப்புனித நீராட்டு விழா, ஐம்பதாவது பிறந்தநாள் எதுவானாலும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் விளக்குகள் மங்க, டிஜே பாட்டைப் போடுகிறார். சித்தப்பா கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு முதலில் இறங்குகிறார். அவருக்குப் பின்னால் மாமிமார் வருகிறார்கள். ஏழு வயதுப் பிள்ளையும் பதினேழு வயதுப் பிள்ளையும் எழுபது வயது அம்மம்மாவும் ஒரே வட்டத்தில் ஆடுகிறார்கள். காணொளிக்காரர் அதை எடுத்து இசை சேர்த்துத் தருகிறார், நாமும் முகநூலில் போடுகிறோம். என்னிடம் பண்பாட்டைப் பற்றிக் கேட்டவரின் வீட்டு விழாவிலேயே நான் அப்படி ஆடியிருக்கிறேன்; அவரும் ஆடினார். வயதுக்கு வயது தனித்தனியே பிரிந்து கொண்டாடுவது எங்களிடம் இருந்த வழக்கமே அல்ல.

நான் ஆடுவேனா என்றுகூட இன்னும் தீர்மானிக்கவில்லை. சேலைக்குச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறேன் என்பது உண்மை. இரசாயனவியல் ஆசிரியையோடும் என் ஆய்வுகூடத் துணைவியோடும் நின்று ஒரு படம் எடுக்க வேண்டும், என் வகுப்போடு இருந்து சாப்பிட வேண்டும், அன்றைக்கு வாசிக்கும் மாணவர் பெயர்களுக்கு எல்லோரோடும் சேர்ந்து கைதட்ட வேண்டும். என் பெயர் வரும்போது பிள்ளைகள் தட்டுவார்கள் என்று தெரியும். ஏனென்றால் பட்டம் பெறும் மாணவர் எல்லோருக்கும் ரிக்கெற் விற்பது என்று முடிவெடுத்ததே உங்கள் பிள்ளைகளின் மாணவர் மன்றம்தான். எங்களிடம் தேடிவந்து விற்றவர்களும் அவர்களே. பிள்ளைகளுக்குச் சங்கடமாக இருக்கும் என்று பெற்றோர் சொன்னபோது, பிள்ளைகளை யாரும் கேட்டதாகக் குறிப்பேட்டில் இல்லை.

ஓர் இடைக்குறிப்பு. கென்யாவில் 84 வயதில், 2004ஆம் ஆண்டில், முதலாம் வகுப்பில் சேர்ந்த கிமானி மருகே என்ற முதியவரின் படத்தையும், 2018இல் 96 வயதில் கேரள எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்கு 98 புள்ளிகள் பெற்ற கார்த்தியாயினி அம்மாவின் படத்தையும் எமது பெற்றோர் வாட்ஸப் குழுவில் ஆண்டுக்கொரு முறையாவது யாரோ பகிர்கிறார்கள். கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக விழுகின்றன. தொலைவில் இருக்கும் முதிய மாணவரைக் கும்பிடுவது எளிது.

'இது வெறும் விருந்து, படிப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை, இதற்கு ஏன் இத்தனை கடிதம்' என்று கேட்போருக்கு இதே மாகாணத்தில் நடந்த ஒன்றை நினைவூட்டுகிறேன். 2002இல் ஒஷாவாவில் கத்தோலிக்கப் பாடசாலை ஒன்றில் படித்த மார்க் ஹால் என்ற மாணவர், தன் ஆண் நண்பரோடு புரொமுக்கு வருவதைப் பாடசாலை மறுத்தது. கல்விச்சபையும் அதையே உறுதிசெய்தது. அவர் ஒன்ராறியோ உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிபதி ரொபேட் மக்கினன், மே 10ஆம் திகதி, அதாவது புரொம் நடந்த அதே நாளில், அவரை அனுமதிக்கும்படி இடைக்கால உத்தரவு பிறப்பித்தார். அவருடைய வழக்கும் என்னுடைய குறையும் ஒன்றல்ல; அது வேறு காரணத்துக்காக வேறு வகையான பாடசாலையோடு நடந்த போராட்டம். ஆனால் பின்னர் ஈடுசெய்ய முடியாத இழப்பு நேரும் என்று தெரிந்தால்தான் நீதிமன்றங்கள் அத்தகைய இடைக்கால உத்தரவைத் தரும். மாணவர் ஒருவருக்குத் தன் புரொம் இரவை இழப்பது அப்படிப்பட்டது என்பதை ஒன்ராறியோவின் நீதிமன்றமே ஏற்றிருக்கும்போது, அதை நீங்கள் ஒரு மின்னஞ்சலில் தீர்த்துவிட முடியாது.

சட்டத்தைக் காட்டி மிரட்டுவது என் நோக்கமன்று. ஆனால் முடிவெடுப்பவர்கள் அதை அறிந்திருக்க வேண்டும். ஒன்ராறியோவின் மனித உரிமைகள் சட்டக்கோவை, சேவைகளை வழங்கும்போது வயதின் அடிப்படையில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. அதில் வயது என்பது 18உம் அதற்கு மேற்பட்டதும் என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. பொதுப் பாடசாலை வழங்கும் கல்வியும் அதைச் சார்ந்தவையும் சேவைகளே. பாடசாலைக் கழகங்களுக்கான மாகாண ஒழுங்குவிதியும் தெளிவாக இருக்கிறது: கழகத்தின் வேலை பரிந்துரைப்பது. முடிவும் அதற்கான பொறுப்பும் அதிபருக்கும் கல்விச்சபைக்கும் உரியவை. ஆகவே 'பெற்றோர் கேட்டார்கள்' என்பது அதிபருக்கு விடையாகாது.

இதில் எவரும் கவனிக்காத இன்னொரு குறையும் இருக்கிறது. கழகத்தில் பெரும்பான்மையாக இருக்க வேண்டியவர்கள் மாணவரின் பெற்றோர். என் தந்தை வன்னியில் காலமானார். என் தாய் முதுமை மறதியோடு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். எனக்காக அந்த மேசையில் வந்து பேச எந்தப் பெற்றோரும் இல்லை. எங்கள் பிரிவில் எவருக்கும் இல்லை. மாணவர் பிரதிநிதிக்கான ஓர் இடமும் இளையோர் பிரிவுக்கே போகிறது. எங்களைப் பற்றி முடிவெடுக்கப்பட்ட அறையில் எங்களில் ஒருவர்கூட இல்லாமல் போனது தற்செயலாக நடந்ததன்று. அந்த மேசை அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது.

எனவே நான் கேட்பவை இவை. ரிக்கெற் விற்பனை மே 15ஆம் திகதி முடிவடைகிறது. அதற்கு முன்னதாக, பாடசாலையில் பதிவுசெய்த மாணவர் எவருக்கும் வயதெல்லை பொருந்தாது என்று அதிபர் எழுத்தில் அறிவித்து, எங்கள் ரிக்கெற்றுகள் செல்லுபடியாகும் என்பதை உறுதிசெய்ய வேண்டும். வெளியிலிருந்து வரும் துணைகளுக்கான 21 வயதெல்லை அப்படியே இருக்கட்டும். அது வளர்ந்தோர் பிரிவு மாணவர் அழைத்து வருபவருக்கும் பொருந்தட்டும். என் கணவர் அன்றைக்கு வீட்டில் இருந்து கிரிக்கெற் பார்ப்பார். மதுத் தடை, பைச் சோதனை, மீள்நுழைவுத் தடை, ஆசிரியர் மேற்பார்வை ஆகியவற்றை வயது பாராமல் அனைவருக்கும் ஒரே விதமாக எழுதி வெளியிடுங்கள். 18 வயதைக் கடந்த எல்லோரிடமும் பொலிஸ் சான்று கேட்பதென்றால் நாங்களும் தருகிறோம்.

பாடசாலைக் கழகத்தின் பெற்றோர் உறுப்பினர்களிடம் நான் கேட்பது, உங்கள் பரிந்துரையை அடுத்த கூட்டத்தில் மீளப் பெற வேண்டும். அந்தக் கூட்டத்தில் எங்கள் பிரிவின் மாணவர் இருவர் பேசுவதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். வாகனத் தரிப்பிடத்தில் சொன்னதை எங்கள் முன்னிலையில் சொல்ல விரும்புபவர் சொல்லட்டும், குறிப்பேட்டிலும் அது பதியப்படட்டும். அறங்காவலரிடம் நான் கேட்பது, இளையோரும் வளர்ந்தோரும் ஒன்றாகப் படிக்கும் பாடசாலைகளின் கழகங்களில் வளர்ந்த மாணவருக்கு வாக்குரிமையுள்ள இடமொன்றை உருவாக்கும் தீர்மானத்தைக் கல்விச்சபையில் முன்வைக்க வேண்டும். தேநீர் விருந்துக்கான பணம் மிஞ்சினால் இரசாயனவியல் ஆய்வுகூடத்துக்குப் பாதுகாப்புக் கண்ணாடிகள் வாங்கலாம். இப்போது இருப்பவற்றில் பலவற்றின் பட்டி அறுந்திருக்கிறது.

அதிபரின் பதிலை மே 8ஆம் திகதிக்குள் எழுத்தில் எதிர்பார்க்கிறேன். மறுப்பதாக இருந்தால் அதற்கான காரணத்தையும், அந்த முடிவை எடுத்தவர் யார் என்பதையும் அதில் குறிப்பிடுங்கள். கல்விச்சபையின் மனித உரிமைகள் அலுவலகத்திலும், தேவைப்பட்டால் ஒன்ராறியோ மனித உரிமைகள் தீர்ப்பாயத்திலும் முறையிட எனக்கு அந்த விவரங்கள் வேண்டும்.

இவ்வண்ணம்,
12ஆம் வகுப்பு மாணவி,
வளர்ந்தோர் பகல்நேரப் பிரிவு